மெய்யெழுத்து

என் பற்களின் வெள்ளைச் சாந்து வார்ப்பை
மேசையில் வைத்துத் திருப்பினார் டாக்டர் தியோ.
கடைவாயில் முகடே இல்லை.
ஆடி ஆடித் தேய்ந்த சோழிகள்.
இரவில் அரைக்கிறீர்கள், என்றார் மலாயில்.

குணாளனுக்கு இது செய்தியே அல்ல.
இரண்டு மணிக்கு நறநற.
முதல் நாள் எலி என்று
கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்த மனிதர்.

காதோரம் குத்துகிறது, கொட்டாவி விட்டால்
தாடை டொக்கென்கிறது, என்றேன்.
என்ன வேலை?
லெபு லைட் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்.
எழுதிக்கொண்டார்.

எனக்கு மார்ச் மாதப் புதன்கிழமை ஒன்று வந்து நின்றது.
கூண்டில் தெய்வானை.
"பதினோரு வருசம்
பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்யா."
மாஜிஸ்திரேட் என்னைப் பார்க்கிறார்.
சாயா பெர்சாபார், என்றேன்.
பொறுமையாக இருந்தேன்.
தட்டச்சில் ஏறியது. பிழையில்லை.
வாக்கியத்திலிருந்து
பல் மட்டும் விழுந்துவிட்டது.

மெய்யைத் தவிர வேறு சொல்லேன் என்று
உறுதி எடுத்தவள் நான்.
பத்தொன்பது வருடமாக
அவர்கள் நான் என்றால் நானும் நான் என்கிறேன்:
திருடினேன். வெட்டவில்லை. தெரியாது துவான்.
அன்று கொஞ்சம் குடித்திருந்தேன்.
மாலையில் வீட்டுக்கு வந்து
பருப்பு வேகவைக்கிறேன்.

இரவுக் கவசம் நானூற்றைம்பது வெள்ளி,
வர இரண்டு வாரம்.
அதுவரை தாடைக்குச் சுடுதுணி, இருபது நிமிடம்.
ஐஸ்கட்டி கடிக்கக் கூடாது.
பசெம்பூரில் சோத்தோங் கூடாது.
ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டுங்கள்,
கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள்.
உதடு சேரலாம், பல் சேரக் கூடாது.
நாக்கை எங்கே வைப்பது என்றேன்.
ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைச் சொல்லி
அங்கேயே நிறுத்திக் காட்டினார்.

பாலத்தில் நெரிசல்.
மழை நின்றும் வைப்பர் ஓடுகிறது.
சிவப்புப் புள்ளி.
அந்த எழுத்தைத் தேடினால்
எனக்கு வருவது
நான்.
ன்-னில் நாக்கு மேலே ஒட்டி நிற்க
மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே
ஓர் அரிசி இடைவெளி.
யார் தரப்புச் சாட்சியும் இல்லை.
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

பின்னால் லாரி ஹாரன்.
கடித்துவிட்டேன்.

மறுபடி.