நூற்று நாற்பத்தேழு

“வீட்டுக்காரர் என்ன வேலை?”
கடன் பிரிவு மேலாளர் கேட்டார்.
மஞ்சக்குப்பம் கிளை, டோக்கன் முப்பத்தொன்று,
மின்விசிறிக்கு அடியில் மட்டும் காற்று.
“கோல்ஃப்” என்றேன்.
“அது சரிம்மா. வேலை?”

பதினேழு வருடமாக இதே கேள்வி.
பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு
இவர் இருபது நிமிடம் விளக்கியதை
‘விளையாட்டு’ என்று ஒரே சொல்லில் எழுதிக்கொண்டு போனார்.
திருப்பாப்புலியூர் ரயிலடியில்
நீளப் பையோடு இறங்கினால்
“நாயனமாண்ணே, எந்தக் கோயில்?” என்பார்கள்
ஆட்டோ ஸ்டாண்டில்.
பேப்பரில் ஒரே ஒரு தடவை பெயர் வந்தது.
கலிவரதனைக் காளிவரதன் ஆக்கியிருந்தார்கள்.

கடலூரில் அந்த மைதானம் கிடையாது.
கிண்டியில் இவர் சித்தப்பா புல்வெட்டும் எந்திரம் ஓட்டினார்.
பள்ளிக்கூட லீவுக்குப் போன பையன்
யாரோ ஒரு மில்காரரின் பையைச் சுமந்தான்,
பதினெட்டுக் குழிக்கு அறுபது ரூபாய்.
திங்கட்கிழமை மட்டும் சுமந்தவர்களும் ஆடலாம்.
இவர் வாழ்க்கை முழுக்க
அந்தத் திங்கட்கிழமையில் தொடங்கியது.

வருமானத்தை எப்படிச் சொல்ல?
நாலு நாள் ஆட்டம்.
வெள்ளி சாயங்காலம் ஒரு கோடு போடுவார்கள்.
தாண்டினால் சனி, ஞாயிறு உண்டு, காசு உண்டு.
தாண்டாவிட்டால் ராத்திரி ரயில்,
நுழைவுக் கட்டணம், லாட்ஜ், பை தூக்கியவன் கூலி
எல்லாம் நம் கையிலிருந்து.
குறைவாக அடித்தவன் ஜெயிக்கிற ஆட்டம்.
குறைவாக வைத்துச் சமாளிப்பது
எனக்கொன்றும் புதிதில்லை.

நான் பெரியாஸ்பத்திரி ஆய்வகத்தில்
வெள்ளணுக்கள் எண்ணுகிறேன்.
நூறு எண்ணி வகை பிரித்து எழுத வேண்டும்.
டெங்கு மாதத்தில் வரிசை வாசல்வரை நிற்கும்போது
அறுபதிலேயே மீதியை ஊகிக்கிறவர்கள் உண்டு.

பிப்ரவரியில் ஜாம்ஷெட்பூர்.
பதினாறாம் குழி, நீளப் புல்.
மட்டையைப் பின்னால் வைத்தபோது பந்து அசைந்ததாம்.
“எவ்வளவு?” என்றேன்.
கட்டைவிரல் நகத்தைக் காட்டி “இதுல பாதி” என்றார்.
கூட ஆடியவன் யூகலிப்டஸ் அடியில்
தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான்.
பை தூக்கும் ஷிபு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.
இவராகக் கை தூக்கிக் கூப்பிட்டு
ஒன்று சேர்த்துக்கொண்டார்.
கோடு நூற்று நாற்பத்தாறில் விழுந்தது.
இவர் நூற்று நாற்பத்தேழு.

நான் கத்தினேன்.
மொட்டைமாடி விரிசலைச் சொன்னேன்,
மகள் டியூஷனைச் சொன்னேன்,
“யார் பார்த்தா?” என்றேன், இரண்டு தடவை.
ரசம் இருக்கிறதா என்று கேட்டார்.
ஊற்றினேன்.
அவர் சாப்பிடுகிறவரை
போன டிசம்பரில் ஒரு மத்தியானம்
அறுபதோடு நிறுத்தி
நூறு என்று நான் எழுதிய ஒரு ஸ்லைடு
கண்ணைவிட்டுப் போகவில்லை.
அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

மேலாளர் நல்லவர்தான்.
“சராசரி மாசம் முப்பதாயிரம்னு போட்டுக்கலாமா?” என்றார்.
படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.
ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது.

ஞாயிறு ஐந்தரை மணிக்குத் தேவனாம்பட்டினம்.
மணலில் குடையை நட்டுப் பக்கத்தில் நிற்கிறேன்,
அதுதான் கொடி, அதுதான் குழி.
மணலில் விழுந்த பந்தை எடுப்பதில்
இவரை அடிக்க ஆளில்லை என்று ஷிபு சொல்வான்.
எங்கள் ஊர் இவருக்குக் கொடுத்தது
அவ்வளவுதான்.
படகுக்கு டீசல் கேன் தூக்கிப் போகிறவர்
“என்னண்ணே, இன்னைக்காவது உள்ள போச்சா?” என்கிறார்.
புஸ் என்று மணல் கிளம்பும்,
பந்து என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழும்.

அடித்தது பன்னிரண்டு.
ஒன்றை நாய் கவ்விக்கொண்டு ஓடியது,
உப்பனாற்றுப் பக்கம்.
“எத்தனை கிட்ட?” என்று அங்கிருந்தே கேட்கிறார்.
வாயில் ஒன்பது வருகிறது.
குனிந்து, முதலிலிருந்து
ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறேன்.
அவர் காத்திருக்கிறார்.