பழுது பார்க்கப்படும்

மாங்கூழ் ஃபேக்டரி எடைமேடையில்
லாரி நிறுக்கிற முனிவெங்கடப்பா
ஆம்ப்ளிஃபையரை லுங்கியில் கட்டி
வேப்பனப்பள்ளி பஸ்ஸில் மடியில் வைத்து வந்தார்.

"இடது பக்கம் பேசாதும்மா."
"எவ்வளவு நாளா?"
"வாங்கினதிலிருந்தே."
தொண்ணூற்றிரண்டில் வாங்கியது,
ஓசூரில் வீடு காலி செய்த மேனேஜரிடம்.
இடது ஸ்பீக்கர் மேல்
துவைத்த துணி மடித்து வைக்கிறார்களாம்.

இப்போது என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை.
லண்டன்பேட்டையில் என் கடை எட்டுக்குப் பத்து.
கேள்விக்கெல்லாம் இடமில்லை.

திருகு நான்குக்கு மூன்று இருந்தது.
உள்ளே கரப்பான் முட்டை, கிரானைட் தூசி.
எவனோ முன்பே ஈயம் வைத்திருந்தான்,
வெற்றிலையில் அப்பிய சுண்ணாம்பு மாதிரி.
இடது ஃபியூஸைக் கழற்றியவனும் அவனாகத்தான் இருக்கும்.
புதிதாகப் போட்டு, சீரியஸ் பல்போடு சொருகினேன்.
நூறு வாட்டும் முழுசாய் எரிந்தது.
வெளிச்சம் என் தொழிலில் கெட்ட சகுனம்.

டிரான்சிஸ்டர் இரண்டும் செத்திருந்தன.
ஜோடி வாங்க பெங்களூர் போய்வர
ஒரு ஞாயிறு போயிற்று.
மைக்கா, வெள்ளைப் பசை,
வீங்கிப்போன கண்டென்சர் ஆறு.
பேலன்ஸ் குமிழைத் தொட்டாலே கரகரத்தது.
கரி தேய்ந்து வழுக்கை.
கழற்றி வீசிவிட்டு ஒயரை நேராக இணைத்தேன்.
இரண்டு பக்கமும் பேசுகிற வீட்டில்
தராசு எதற்கு?

பல்பு ஒருமுறை சிமிட்டி மங்கியது.
சும்மா சொல்லக் கூடாது,
அந்த மங்கலுக்காகத்தான் கரண்ட் பில் கட்டுகிறேன்.

ஒன்பதாம் நாள் அதே லுங்கி, அதே மூட்டை.
"இதுல யாரோ பாடுறாங்க."
"பாட்டுப் பெட்டியில் பாடாம?"
"ஒரு பொம்பளை."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது.
பதினோரு இசைத்தட்டில் அவர் போடுவது ஒன்று.
ஆணை வலது பக்கம், பெண்ணை இடது பக்கம்
நிறுத்திப் பதிந்த காலத்துத் தட்டு.
அவன் ஒரு வரி பாடுவான்.
பிறகு தூரத்தில் தபலா, வேறொன்றுமில்லை.
அந்தக் காலி இடம்
கேட்கிறவனுக்கு விட்டது என்று நினைத்து
நைட் ஷிப்ட் முடிந்து வந்து
முப்பது வருடமாகத்
தானே வரி கட்டிப் பாடியிருக்கிறார்,
பாதி தெலுங்கில்,
பாதி லாரி நம்பரில்.

"என்னைவிட நல்லாத்தான் பாடுறா.
நான் எங்க பாடறது?"
ஸ்டூலில் உட்கார்ந்தார்.
"பழையபடி கெடுத்துக் குடும்மா."

இந்தக் கடைக்கு இப்படி ஒரு ஆர்டர் வந்ததில்லை.
டிரான்சிஸ்டரைக் கொல்ல மனம் வரவில்லை,
ஜோடி முந்நூற்று எண்பது.
ஒயரை நறுக்கலாம். அதுவும் என் கையால் வேண்டாம்.
வீசிய குமிழைத் தேடினேன், போயே போய்விட்டது.
பிஸ்கட் டின்னைக் கொட்டிக் கிளறியதில்
ஏதோ ஒரு டெக்கின் குமிழ் கிடைத்தது, மூடி மட்டும் பச்சை.
ஈயம் உருகி ஏறும்வரை
அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர் போல.

"இந்தக் கடைசிக்குத் திருகினா அவ இல்லை.
நடுவில வச்சா ரெண்டு பேரும்."
எடைமேடைக்காரர். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
கடைசிவரை திருகினார்.
கையை எடுக்கவில்லை.
பிறகு ஒரு நூல் பின்னால் விட்டார்.
"அவ்ளோ இருக்கட்டும். பாவம்."

பில்லில் என்ன எழுதுவது?
போன தடவை 'இடது சேனல் சரி செய்தது'.
இந்தத் தடவை பேனா நின்றது.
தலைக்கு மேல் என் போர்டு:
'பழுது பார்க்கப்படும்.'
பெயிண்டர் எழுதிய நாளிலிருந்து தொங்குகிறது.
பார்க்கப்படும் என்றுதான் இருக்கிறது,
நீக்கப்படும் என்று இல்லை.

'பார்த்தது, ரூ. 150.'

இருநூறு நீட்டினார். சில்லறை இல்லை.
வேப்பனப்பள்ளி வண்டி ஹாரன் அடித்தது.
டிக்கெட் முதுகில் கண்டக்டர் கிறுக்குவது மாதிரி
பில்லின் முதுகில் எழுதிக் கொடுத்தேன்:
பேலன்ஸ் 50.