ஊழியர் விலை

படகில் ஏறுகிறவர்கள் முதலில் என்னிடம்தான் மாட்டுவார்கள்.
சட்டையில் ஓர் ஆர்கிட் குத்தி
நங்கூரம் வரைந்த அட்டைக்கு முன்னால் நிறுத்தி
மூன்று எண்ணுவேன்.
இரண்டிலேயே எடுத்துவிடுவேன்.
மூன்றில் எல்லோரும் பொய்யாகிவிடுகிறார்கள்.

மேல்தளத்தில் அவர்கள் இறால் உரிக்கும் நேரத்தில்
கீழே, எஞ்சினுக்குப் பக்கத்து அறையில்
முகங்களை வட்டமாக வெட்டி
வெள்ளைத் தட்டுகளில் ஒட்டுவேன்.
தட்டு ஒன்று இருநூறு பாட்.
பசியோடு ஏறியவர்களை
வயிறு நிறைந்தவர்களிடம் விற்க வேண்டும்,
அதற்கு இரண்டு மணி நேரம்.
"இது நானா? கண்ணை மூடியிருக்கிறேனே" என்பார்கள்.
கைகோர்த்து ஏறிய இருவர்
இறங்கும்போது ஆளுக்கொரு வாசலைத் தேடுவார்கள்.
அவர்களுடைய தட்டு
மேசையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும்.

விலைபோகாததை வெந்நீரில் போட்டால்
பத்து நிமிடத்தில் முகம் உரிந்து வரும்.
லம்துவன் அக்காதான் உரிப்பார்.
இறால் தோலுக்கு ஒரு வாளி, முகத்தோலுக்கு ஒரு வாளி.
மறுநாள் அதே தட்டில் வேறு குடும்பம்.

ஒலிபெருக்கி நான்கு மொழியில் சொல்லும்:
இடது பக்கம் அருண் கோயில்,
உடம்பு முழுக்கப் பீங்கான் துண்டுகள்,
சீனக் கப்பல்களில் வந்தவை.
விடியலின் பெயர் அந்தக் கோயிலுக்கு.
ஆறு வருடமாக நான் அதை இரவில் மட்டும் பார்க்கிறேன்,
அதுவும் வட்டச் சன்னலில், பாதியை.
படகு லேசாகச் சாய்ந்தால் தெரிந்துகொள்வேன்,
மேலே எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

விடுமுறையில் ஒருமுறை
அரச படகுகளின் அருங்காட்சியகத்துக்குப் போனேன்.
படம் எடுக்கத் தனிக் கட்டணம், நூறு பாட்.
கட்டவில்லை. வெறும் கண்ணோடு நுழைந்தேன்.
பொன் அன்னத்தின் கழுத்துக்கு விளக்குப் போட்டிருந்தார்கள்.
ஐம்பது பேர் துடுப்புப் போட்ட இடத்தில்
பலகைதான் இருந்தது, வழவழவென்று.
அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.
ஒரு குடும்பம் வந்து தங்கள் போனை என்னிடம் நீட்டியது.

போன மழைக்காலத்தில் பூசானிலிருந்து நான்கு பேர்,
பல்மருத்துவர்கள் மாதிரி வரிசையாகச் சிரித்தார்கள்.
ஒட்டும்போதுதான் கவனித்தேன்.
அட்டைக்கு ஓரமாக, கண்ணாடிக் கதவில்
குந்தியிருக்கிறாள் ஒருத்தி,
முகம் இருக்கும் இடத்தில் கேமரா,
காதோரம் வியர்வை, இடது செருப்பு வார் அறுந்து.

அவர்கள் வாங்கவில்லை. பேருந்து காத்திருந்தது.
அந்தத் தட்டை நான் வெந்நீரில் போடவில்லை.
விராட் பார்த்துவிட்டார்.
"ஓய்!"
(என் பெயரே அதுதான். கரும்பு என்று பொருள்.
அவர் வாயிலிருந்து மட்டும் சக்கையாக வரும்.)
"எடுத்துக்கொள். ஊழியர் விலை நூற்று நாற்பது.
சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்."

இப்போது அதில்தான் சோறு தின்கிறேன்.
சோற்றைக் குவித்தால் பூசான்காரர்கள் மறைவார்கள்.
கானாங்கெளுத்தி முள்ளை ஒதுக்கும் இடத்தில்
அவர்களில் உயரமானவரின் மூக்குக்கண்ணாடி.
கழுவக் கழுவ முதலில் அதுதான் போனது.
பிறகு நடுவில் நின்ற பெண்ணின் ஆர்கிட்.
சிரிப்புகள் ஒவ்வொன்றாக.
பக்கத்து அறை சும்போன் கேட்டான், யார் இவர்கள்?
உறவுக்காரர்கள் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனோ.

விளிம்பில் முடியளவு ஒரு விரிசல் விழுந்திருக்கிறது.
அதை ஒட்டி அந்தக் கண்ணாடிக் கதவு
இன்னும் உரியாமல் இருக்கிறது.
நேற்று தட்டைப் படகுக்கே எடுத்துப்போய்
லம்துவன் அக்காவிடம் காட்டினேன்.
ஊறிச் சுருங்கிய கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.
"நல்ல பசை" என்றார்,
வாளியைத் தூக்கிக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனார்.