பிற பிடித்தங்கள்

தரமணியில், நான்காம் மாடியில்,
ஏசிக்குப் பயந்து ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு
நான் பார்த்தேயிராத ஒரு தீவின்
கட்டட வேலையாட்களுக்குச் சம்பளம் போடுகிறேன்.
முந்நூற்றுப் பதினொரு பேர்.
ஆளுக்கு ஒரு வரி.

வரி என்றால் இரண்டும்தான்.
திரையில் ஓடுவதும்,
அயல்நாட்டு ஆளை வேலைக்கு வைத்ததற்காக
அங்கே முதலாளி மாதாமாதம்
அரசுக்குக் கட்டுவதும்.
லெவி என்பார்கள்.
போனில் கேட்கும்போது ஏதோ
மழைக்காலக் காய்ச்சலின் பெயர்போல இருக்கும்.

பதினேழாம் தேதி தாண்டினால் அபராதம்.
மழையில் வேலை நின்றாலும் லெவி.
ஆள் தூங்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் லெவி.
இது முதலாளியின் பையிலிருந்துதான் போக வேண்டும்,
கூலியில் கை வைக்கக் கூடாது என்று
பயிற்சியின் முதல் நாள்
ஷெரின் மேடம் சொல்லிக்கொடுத்தார்.
இரண்டாம் நாள்
'பிற பிடித்தங்கள்' என்ற பத்தியைச் சொல்லிக்கொடுத்தார்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
ஸ்கூட்டிக்கு இன்னும் பதினாலு தவணை.

பெயர்களை நான் படிப்பதில்லை.
எண்ணைத்தான் படிப்பேன்.
அங்கே அப்பா பெயரைத் தூக்கி
முன்னால் வைத்துவிடுகிறார்கள்;
எத்திராஜ் தேசிங்கு என்று வந்தால்
யார் அப்பன், யார் பிள்ளை?

இந்த மாதம் ஒரு மனு வந்தது.
ஆள் ஊருக்குப் போயிருந்த நாட்களுக்கு
கட்டிய லெவியைத் திருப்பித் தரும்படி
கம்பெனி அரசைக் கேட்கிறது.
எட்டு நாள்.
இணைப்பு ஒன்று: பாஸ்போர்ட்டில் மீனம்பாக்கம் முத்திரை.
இணைப்பு இரண்டு: இறப்புச் சான்றிதழ்.
எ. பூங்காவனம், வயது ஐம்பத்தெட்டு,
கொருக்குப்பேட்டை.
என் தெரு.

அந்த வியாழக்கிழமை நினைவிருக்கிறது.
சாமியானா தெருவை அடைத்திருந்தது.
ஐஸ் பெட்டி இரைந்துகொண்டிருந்தது.
பையன் பிளேனில் வர்றான், வந்தப்புறம்தான் எடுப்பாங்க
என்று யாரோ யாருக்கோ சொன்னார்கள்.
எனக்கு ஏழு இருபத்தைந்து ரயில்.
பின்சந்து வழியாக வண்டியைத் தள்ளிப்போனேன்,
சலித்துக்கொண்டே.
மறுநாள் இரவு திரும்பும்போது
தரையெல்லாம் சாமந்தி.
டயரில் ஒட்டி வந்ததைச்
செருப்பால் தட்டிவிட்டேன்.

மனு ஏற்கப்பட்டது.
கம்பெனிக் கணக்கில் நூற்றெட்டு வெள்ளி வரவு.
போற்றிக்கும் அதுதான் எண்,
ஆம்புலன்சுக்கும்.
தேசிங்கின் வரியைத் திறந்தேன்.
அதே எட்டு நாளுக்கு அவனிடமும் பிடித்தாயிற்று,
பிற என்று.
இருமுறை கூட்டினேன்.
டாலி ஆனது.

ஷெரின் மேடம் டீக்கு இறங்கிய நேரம்
அவன் வரியில் நூற்றெட்டைச் சேர்த்தேன்.
காரணம்? என்று கேட்டது கட்டம்.
நாமாக எழுத முடியாது,
பட்டியலில் உள்ளதைத்தான் தொட வேண்டும்.
ஊக்கத்தொகை. நிலுவை. திருத்தம்.
நிலுவையைத் தொட்டேன்.

மீதி முந்நூற்றுப் பத்துப் பேருக்கு
பிற பிடித்தங்கள் அப்படியே போயின.
அதையும் நான்தான் அனுப்பினேன்,
அதே மதியம், அதே விரலால்.

தணிக்கையில் கண்டுபிடிப்பார்கள்.
அடுத்த மாதம் அவனிடமே திரும்பப் பிடிப்பார்கள்.
அதற்கும் அந்தப் பத்தியில் இடம் இருக்கிறது.

ராத்திரி தெருவில்
முதல்முறையாக அந்த வாசலில் நின்றேன்.
பூட்டு தொங்கியது.
பூட்டு வளையத்தில் சுருட்டிச் செருகிய காகிதம்:
மாநகராட்சி, சொத்து வரி, அரையாண்டு பாக்கி.
தூறல் ஆரம்பித்திருந்தது.
எடுத்து, பிரித்து,
பெயரைப் படித்தேன்.
மடித்துக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு
வண்டியைக் கிளப்பினேன்.