பச்சைக் கம்பி

நாற்பத்தொரு குடும்பம்.
சுங்கை பெராவ் தோட்டத்துக் கோயில் கொட்டகையில்
எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சொன்னோம்:
மாற்று வீடு தராமல்
ஒருத்தரும் கையெழுத்துப் போடுவதில்லை.

சூடம் சுட்ட விரல்
ஒன்பதாம் நாள் பேனாவைப் பிடித்தது.

மழை. இரவு எட்டு மணி.
கிராணி தங்கையா வீட்டுக் கூடத்தில்
காற்றாடி கடகடவென்று சுற்றியது.
"உனக்கு மட்டும் ரெண்டாயிரம் வெள்ளி கூட" என்றார்.
"மகளுக்குப் பாலிடெக்னிக் கிடைச்சிருக்காமே."
எங்கள் வரிசையில் யாரும்
அதைக் கேட்டு விசாரித்ததில்லை.

காட்டிக்கொடுப்பது என்கிறார்கள்.
நான் யாரையும் காட்டவில்லை.
எதையும் கொடுக்கவில்லை.
என் பெயரை எழுதினேன்,
இரவுப் பள்ளியில் கற்ற அதே கோணல் எழுத்தில்.
இப்படித்தான் பல நாள்
எனக்கு நானே வழக்காடி
தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

"உங்க ஆளே போட்டாச்சு" என்று
மறுவாரம் பெரட்டில் அறிவித்தார்கள்.
பெயர் சொல்லவில்லை.
அதன்பின் வரிசையில் நின்று போட்டார்கள்.
மூன்றே மாதம்,
எங்கள் அடுப்படி இருந்த இடத்தில்
செம்பனைக் கன்று.

ஆலெக் கோப்பிக்கடையில் அதே பேச்சு.
யாரு? யாரு?
காத்தமுத்துதான் என்றது ஒரு குரல்.
அன்றிரவு கிராணி வீட்டுப் பக்கம்
அவன் சைக்கிளைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.
பம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன் என்றான்.
சிரித்தார்கள்.
என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்காமலே தலையாட்டினேன்.

அகராதியில் துரோகத்துக்கு நேரே
என்ன போட்டிருக்கிறதோ தெரியாது.
எனக்கு அது அந்தக் கையெழுத்து இல்லை.
வாயில் ரொட்டிச் சானாய்,
தே தாரேயின் நுரை அடங்குமுன்
ஒருமுறை மேலும் கீழும் போய்வந்த
என் தாடை.

காத்தமுத்து மகள் கல்யாணத்தில்
வாடகை நாற்காலிகள்
இறக்கியபடியே அடுக்கிக் கிடந்தனவாம்.
நானும் போகவில்லை.
மொய்க் கவரில் பெயர் எழுதாமல் அனுப்பினேன்.
பெயர் எழுதுவதில்
அப்போது கவனம் வந்திருந்தது.

இப்போது டவுன் ஓரத்து
மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கிறோம்.
லிப்ட் ஓடாது.
அவன் மூன்றாம் மாடி, நான் நான்காம் மாடி.
பதினேழு வருஷமாக
அவன் வாசலைக் கடந்துதான் என் வாசல்.

நேற்று மூச்சு வாங்கப் படியில் நின்றேன்.
கதவைத் திறந்து நாற்காலி போட்டான்.
தண்ணீர் கொடுத்தான்.
என் காலைப் பார்த்தான்.

"அறுந்த வாருக்குப்
பச்சைக் கம்பி கட்டி ஒரு செருப்பு போடுவியே,
கிராணி வாசல்ல மழையில நனைஞ்சுக்கிட்டு கெடந்துச்சு.
இன்னும் வெச்சிருக்கியா?"

கிளாஸில் பாதி இருந்தது.
முழுதும் குடித்து முடிக்கும்வரை
பக்கத்திலேயே நின்றான்.