முதலில் திட்டியவள் நான்தான்

நான்கு பேர். செவ்வாய்க்கிழமை, மூன்று மணி வாக்கில்.
சீப்பு ஒன்று, தபால் உறை ஒரு கட்டு வாங்கி
ரசீதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு
வெள்ளையர் மட்டும் அமரும் சுழல் நாற்காலிகளில்
போய் உட்கார்ந்தார்கள்.

பெக்கம் மருந்துக்கடையில்
ஒன்பது வருடமாகக் கோப்பை கழுவுகிறேன்.
எந்தக் கோப்பைக்குக் காதில் விரிசல் என்று
என் விரலுக்குத் தெரியும்.
உதட்டுக்குத் தெரியாது.

மேலாளர் தலையை மட்டும் நீட்டினார்:
"உன் ஆட்கள்தானே ஐடெல்லா, நீயே போய்ச் சொல்."
ஈரக் கையோடு போனேன்.
"படிக்க அனுப்பினால் இதுவா படிப்பு?
என் பிழைப்பில் மண்ணைப் போடாதீர்கள்" என்றேன்.
கண்ணாடி போட்ட பையன், லூஷியஸ்,
யார் மிரட்டியும் எழாதவன்
எனக்காக எழுந்து நின்றான்.
"காப்பி கேட்டிருக்கிறோம் அம்மா. வரட்டும்."
மறுபடி உட்கார்ந்தான்.

வரவில்லை.
மறுநாள் இருபது பேர்.
வெள்ளிக்கிழமை நிற்க இடமில்லை.
ஆர்ஃபா என்றொரு பெண்ணின் தலையில்
எவனோ தக்காளி சாஸைக் கவிழ்த்தான்.
அவள் விரித்து வைத்திருந்த வேதியியல் புத்தகத்தை
ஒரு சாண் தள்ளி வைத்தாள்.
நூலகப் புத்தகம், கறை படக் கூடாது.
அவ்வளவுதான் அசைந்தாள்.

கதவின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் நான்.
கை தேய்த்துக்கொண்டே இருந்தது
ஏற்கெனவே கழுவிய கோப்பையை.

அன்றிரவு தரை கூட்டும்போது
ஒரு பக்கம் உடைந்த மூக்குக்கண்ணாடி கிடைத்தது.
ஏப்ரனில் சுற்றி
ஞாயிற்றுக்கிழமை சிறைக்குக் கொண்டுபோனேன்.
என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தது
கம்பிக்கு முன்னால் ஒன்றும் வரவில்லை.
வாங்கிப் போட்டுக்கொண்டு,
ஒற்றைச் சில்லு வழியே என்னைப் பார்த்து
அவன் கேட்டான்:
"உங்கள் வேலை இருக்கிறதா அம்மா?"

ஆகஸ்டில் கடை இறங்கி வந்தது.
சத்தமில்லாமல் முடிக்க நினைத்தார்கள் போலும்,
முதலில் என்னை உட்காரச் சொன்னார்கள்.
நால்வரில் ஒருவரும் அங்கில்லை.
லூஷியஸைக் கல்லூரி நீக்கி மூன்று மாதம்.
காப்பி வந்தது.
காதில் விரிசல் விட்ட அதே கோப்பை.
சர்க்கரை போட மறந்து, கசக்கக் கசக்க
கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

பழக்கதோஷம்,
கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டே எழுந்தேன்.
இரண்டடி நடந்திருப்பேன்.
திரும்பி வந்து
மேசை மேலேயே வைத்துவிட்டு
முன்வாசல் வழியாகப் போனேன்.