பத்து மணித்தியாலத்துக்கு ஒருக்கா

கம்பனிப் புத்தகத்தில் அப்படித்தான் கிடக்கிறது.
எழுதினவன் ஒலுமடு ரோட்டுக் கிரவலை
வாயில் கடித்துப் பார்த்தவனில்லை.

தூசிக்கு எட்டு.
காலபோகச் சேற்றில் பக்கற் முழுகினால்
அன்றன்று பின்னேரம், சூடு ஆறமுதல்.
குளத்துத் தண்ணிக்குள் நின்றால் மத்தியானமும்.
உழவு மிசினுக்கு முன்சில்லு, கிளச்சு மிதி, பெட்டிக் கொழுக்கி:
கிழமைக்கு இரண்டு தரம்,
விதைப்பு நெருங்கினால் நாளும்.
பின் கத்தினபிறகு கன்னைத் தேடாதே.
கத்தினால் நீ பிந்திப்போனாய்.

லோடருக்கு முப்பத்தெட்டு நிப்பிள்.
நிரோஜன் எண்ணினால் முப்பத்தேழு.
மற்றது ஓசுகளுக்குப் பின்னால்,
மல்லாக்கப் படுக்கிறவனுக்கு மட்டும் தெரியும்.

எத்தனை அடி அடிக்கிறது என்று கேட்கிறான்.
முதல் நிப்பிளின் முகத்தைத் துடை,
இல்லாவிட்டால் நீ உள்ளே தள்ளுவது மண்.
பழையது கறுப்பாய், நெருநெருவென்று வரும்.
புதுசு எட்டிப் பார்த்ததும் கையை எடு.
அந்த வளையத்தைத் துடைக்காதே,
தூசிக்கு அதுதான் படலை.

கிறீஸ் கன் என்றுதான் சொல்கிறோம்.
இங்கே ஒருவரும் அதைத் தமிழில் சொல்வதில்லை.

கோணேசலிங்கம் அண்ணை சிட்டை பார்த்தார்.
'மாதம் ஆறு ரின்னோ? பாணுக்குப் பூசித் தின்கிறியோ?'
முந்தின டிரைவரின் காலத்துப் பின் ஒன்றை
மேசையில் வைத்தேன்.
ஒரு பக்கம் பெருவிரல் இறங்குமளவு பள்ளம்.
விலை கேட்டார், சொன்னேன்.
ரீ குடிக்கச் சொன்னார்.

வைகாசியில் ஒரு வாய்க்கால் வெட்டினோம்.
இடத்தின் பெயர் சொல்லமாட்டேன், வழக்கு நடக்கிறது.
மீற்றரில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
பக்கற்றின் மூன்றாம் பல்லில்
ஒரு சீலைத்துண்டு தொங்கியது.
நிரோஜன் இறங்கிப் போய்ப் பார்த்தான்.
என் பக்கம் திரும்பாமல் நின்றான்.
தூக்கின கை தூக்கினபடி இருக்க
திறப்பைத் திருப்பினேன்.

பிறகு மஞ்சள் நாடா. நீதவான்.
தறப்பாளுக்குக் கீழே தூரிகையோடு குந்தியிருந்த டொக்டர்மார்.
மிசினும் சான்றாம், வெளியே எடுக்க ஏலாது.
எண்ணெய் கசியக் கசிய
அதன் கை நாளுக்கு ஓரங்குலம்
தானாக மண்ணை நோக்கி இறங்கியது.
ஒரு பாலைமரக் குற்றியை முண்டு கொடுத்தார்கள்.

நாடாவுக்கு வெளியே நின்ற தவமலர் அக்கா
என்னிடம் ஒன்றுதான் கேட்டா:
'எந்தப் பல்லிலை, தம்பி?'

நாலாம் கிழமை மழை.
ஓடாத மிசினுக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா?
புத்தகத்தில் இல்லை.
ஓடுகிறதைவிட நிற்கிறதுதான் பின்னைத் தின்னும்.
சார்ஜன் ரத்நாயக்கவிடம் கேட்டேன்.
கடிதம் தா என்றார்.
'மேற்படி இயந்திரத்துக்குக் கிறீஸ் அடிக்க
அனுமதி வேண்டி' என்று எழுதினேன்,
நிரோஜன் எழுத்துப்பிழை பார்த்தான்.

அனுமதி வந்தது.
அரை மணித்தியாலம். ஒரு ஆள்.
பக்கற்றைத் தொடக்கூடாது.

முப்பத்தைந்தை நின்றும் குனிந்தும் முடித்தேன்.
பக்கற் பின் இரண்டும் விலக்கு.
மிச்சம் ஒன்று.
அதுக்கு மல்லாக்கப் படுக்கவேண்டும்,
அந்த மண்ணில்.

முதுகு வைக்கப்போகிற இடத்தை
உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.
இரண்டாந்தரமும் தடவினேன்.
பிறகு படுத்தேன்.

கறுப்பு வந்தது, தண்ணியோடு.
நேரஞ்சென்று மஞ்சள்.
சார்ஜன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு
மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

பக்கற் பின் இரண்டும் இப்போது காய்ந்திருக்கும்.
வெளியே எடுக்கிற நாளில் ஊர் கேட்கக் கத்தும்.
கத்தட்டும்.